பழைய பேஸ் கிட்டார்: பூஜை அறைக்கா, மேடைக்கா?

ஒரு பாட்டில் பேஸ் கிட்டார் ஓடிக்கொண்டிருப்பது பல பேர் காதில் விழுவதே இல்லை. அதை மட்டும் நிறுத்திப் பாருங்க, பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி ஆயிடும். இளையராஜா பாட்டுகளை ஒரு நல்ல ஹெட்போன்ல கேட்டுட்டு, "அடேய், கீழ இன்னொரு பாட்டே தனியா ஓடிட்டிருக்கு!"ன்னு ஆச்சரியப்பட்டவங்க நம்மில் நிறைய பேர் இருப்போம்.

அந்த ஆச்சரியத்தோட பேஸ் கத்துக்க ஆரம்பிக்கிறவங்க, கொஞ்ச நாள்லயே 'விண்டேஜ்' என்ற வார்த்தையில் வந்து மோதுவாங்க. 1962 ஃபெண்டர் மாதிரி வராது, அந்தக் காலத்து பிக்கப்ல ஏதோ மேஜிக் இருக்கு, உள்ளே இருக்கிற சால்டரை யாரும் தொட்டிருக்கக் கூடாது, தொட்டா பாவம். இப்படி ஒரு பக்தி கோஷ்டி. இன்னொரு பக்கம், ரெண்டு வீடியோ பார்த்துட்டு கையில் கிடைச்ச பழைய பேஸை எல்லாம் குடைஞ்சு பிக்கப் மாத்துற கோஷ்டி.

எனக்கு ரெண்டு கோஷ்டியோடும் உடன்பாடு இல்லை. பழைய பேஸை வாங்குவதும் தப்பில்லை, மாத்துவதும் தப்பில்லை. ஆனா காசு கொடுக்க வேண்டியது சத்தத்துக்கும் நெக்குக்கும். 'யாரும் கை வைக்கல' என்ற சான்றிதழுக்கு இல்லை. மாத்தும்போது ஒரே ஒரு விஷயம்: திரும்பி வர்ற வழியை அடைச்சிடக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

கழற்றுவதற்காகவே செஞ்சது

1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கிட்டாரை வெளியிட்டார். அதுவரை பேஸ் வாசிக்கணும்னா ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலையணும். டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையர் வெச்ச கிட்டாரும் இருக்கிற மேடையில் அதன் சத்தம் எடுபடாது. ஃபெண்டர் செஞ்சது தோளில் மாட்டிக்கொள்ளும் 34 அங்குல ஸ்கேல் கருவி. ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமா விழும், அதனால்தான் 'பிரிசிஷன்'.

இங்கே நம்ம மாதிரி ஆட்களுக்குச் சுவாரசியமான விஷயம்: லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்குப் படிச்சவர், 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர். ரிப்பேர்காரர் டிசைன் பண்ணினா எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அந்தப் பேஸ். நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு மாட்டினார். பிக்கப், குமிழ், ஜாக் எல்லாமே சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். கெட்டுப்போனா மாத்திக்கோ, அவ்வளவுதான் தத்துவம்.

அவரும் தன் டிசைனைப் புனிதமா நினைக்கவில்லை. முதல் பிரிசிஷனில் ஒரே காயில் பிக்கப். அது இரைச்சலை இழுக்கும். 1957-ல் அதை ரெண்டா உடைச்சார். கீழ் ரெண்டு கம்பிக்கு ஒரு காயில், மேல் ரெண்டு கம்பிக்கு இன்னொரு காயில். சுற்றும் திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வர்ற ஹம் ரெண்டு காயிலிலும் எதிரெதிரா வந்து அடிபட்டுப் போகும். கம்பியின் சிக்னல் மட்டும் மிஞ்சும். 1960-ல் ரெண்டு பிக்கப் வெச்ச ஜாஸ் பேஸ். 1976-ல் மியூசிக் மேன் கம்பெனிக்காக, பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் வெச்ச ஸ்டிங்ரே. இப்படி வாழ்நாள் முழுக்க மாத்திக்கிட்டே இருந்த மனுஷன் செஞ்ச பொருளை, 'மாத்தவே கூடாது'ன்னு நாம கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறது கொஞ்சம் வேடிக்கைதான்.

அந்த விலை எதுக்கு?

1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் 13 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதுக்கு முன்னால் செஞ்சதெல்லாம் 'ப்ரீ-சிபிஎஸ்', தங்கம். பின்னால் செஞ்சதெல்லாம் ஒரு படி கீழே. இதுதான் சந்தையின் கணக்கு. சிபிஎஸ் காலத்தில், முக்கியமா 1970-களில், தரம் ஏறி இறங்கியது உண்மைதான். ஆனா 1964 டிசம்பரில் கிட்டார் செஞ்ச அதே ஆட்கள் பிப்ரவரியில் திடீர்னு வேலையை மறந்துடல.

ப்ரீ-சிபிஎஸ் பேஸ் ஒன்று நல்ல நிலையில் இருந்தால் நம்ம பணத்தில் பல லட்சம். அந்த விலையைத் தீர்மானிக்கும் பட்டியலைப் பாருங்க: ஒரிஜினல் பெயிண்டா? ஒரிஜினல் ஸ்க்ரூவா? சால்டர் தொடப்படாததா? நெக் அடியில் தேதி இருக்கா? பாட் கோடு பொருந்துதா?

இந்தப் பாட் கோடு ஒரு நல்ல துப்பறியும் வேலை. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஒரு எண் அச்சாகியிருக்கும். உதாரணமா 1376432. முதல் மூன்று இலக்கம் செஞ்ச கம்பெனி: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து 64, அதாவது 1964. கடைசி 32, அந்த வருஷத்தின் 32-வது வாரம். விற்கிறவர் "இது 1962 பேஸ்"னு சொல்லி உள்ளே 64 இருந்தால், ஒண்ணு பாட் மாறியிருக்கு, இல்லைன்னா கதை மாறியிருக்கு. ஆனா இது பாட் பிறந்த தேதிதான், கிட்டார் பிறந்த தேதி இல்லை. பாட் பெட்டியில் மாசக்கணக்கா, வருஷக்கணக்காகூடக் கிடந்திருக்கலாம்.

இப்போ அந்தப் பட்டியலை இன்னொரு தரம் படிங்க. வாசிக்கிறவர் விரலுக்கோ கேட்கிறவர் காதுக்கோ சம்பந்தப்பட்ட கேள்வி எத்தனை இருக்கு? பெயிண்ட் மறுபடி அடிச்ச பேஸ், அடிக்காததோட பாதி விலைக்குப் போகும் என்பது இந்த வியாபாரத்தில் பொதுவா சொல்லும் கணக்கு. சத்தமும் பாதியாவா போச்சு?

சேகரிப்பவர்களைக் குறை சொல்லலை. அது வரலாற்றுப் பொருள், அதுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனா அந்த மதிப்புக்கு வாசிக்கிறவன் ஏன் காசு கட்டணும்? அவங்க நிராகரிக்கும் காரணங்கள்தான் நமக்கான ஷாப்பிங் லிஸ்ட். பெயிண்ட் மாறியதா, பாட் மாறியதா, பிரிட்ஜ் மாறியதா? வாங்கலாம். இன்னொருத்தர் ஏற்கனவே பண்ணின மாற்றத்தின் தள்ளுபடி நமக்குக் கிடைக்குது.

மேஜிக் இல்லை, எல்சி சர்க்யூட்

பிக்கப் என்பது நம்ம முதல் வருஷ ஃபாரடே விதி. ஆல்நிக்கோ காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு மெல்லிய 42 கேஜ் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே ஸ்டீல் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசையும், காயிலில் வோல்டேஜ் பிறக்கும். அவ்வளவுதான்.

சத்தத்தின் குணம் எங்கிருந்து வருது? அந்தக் காயிலுக்கு இண்டக்டன்ஸ் உண்டு. காயிலுக்கும், ஆம்ப் வரை போகிற கேபிளுக்கும் கெபாசிட்டன்ஸ் உண்டு. ரெண்டும் சேர்ந்தா ஒரு ரெசனன்ஸ். உதாரணக் கணக்கு: காயில் 4 ஹென்றி, அதன் சொந்த கெபாசிட்டன்ஸ் 200 பிகோஃபாரட், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள 5 மீட்டர் கேபிள். மொத்தம் 700 பிகோஃபாரட். ஃபார்முலாவில் போட்டா ரெசனன்ஸ் சுமார் 3,000 ஹெர்ட்ஸ். அதே பிக்கப்பில் 10 மீட்டர் கேபிள் மாட்டுங்க: 1,200 பிகோஃபாரட், சுமார் 2,300 ஹெர்ட்ஸ். சத்தம் கொஞ்சம் மூடினாப்ல ஆகும்.

இப்போ பிக்கப்பையே மாத்தி, 10 சதவீதம் கூடுதல் சுற்று உள்ளதைப் போடுறீங்கன்னு வெச்சுக்கோங்க. இண்டக்டன்ஸ் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும், 21 சதவீதம். 5 மீட்டர் கேபிளோட ரெசனன்ஸ் 2,700 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். அதாவது, கேபிள் நீளம் செஞ்ச மாற்றம் இதைவிடப் பெருசு! இது தெரியாம, பல ஆயிரம் கொடுத்து 'விண்டேஜ் டோன்' பிக்கப் வாங்கி, கூடவே 10 மீட்டர் கேபிளையும் மாட்டிக்கிட்டு, "மேஜிக் வரலையே"ன்னு கேட்டா பாவம் பிக்கப் என்ன பண்ணும்?

மத்த விஷயங்களும் அப்படித்தான். 250 கிலோ ஓம் பாட் அந்த ரெசனன்ஸ் முகட்டைத் தணிக்கும், 500 போட்டா முகடு தூக்கலாகும். டோன் சர்க்யூட்டில் இருக்கிற 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் பழைய மெழுகுக் காகித ரகமா புது ஃபிலிம் ரகமா என்பதைவிட, மீட்டரில் அதன் மதிப்பு எவ்வளவு, கசிவு இருக்கா என்பதுதான் கேள்வி. 'பழைய காந்தம் பலம் குறைஞ்சதால்தான் அந்த இனிமை' என்பதும் அரைகுறை. ஆல்நிக்கோ சும்மா இருக்கும்போது இழக்கும் பலம் ரொம்பக் கொஞ்சம். பக்கத்தில் வேறொரு பலமான காந்தம் வந்து மோதினால்தான் ஆபத்து.

இன்னொண்ணு. அந்தக் காலத்தில் மெஷின் சுற்றினாலும் கம்பியைக் கையால் வழிநடத்தினாங்க. சுற்று எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் மாறும். அதனால் '1962 பிக்கப் சத்தம்' என்று ஒரே ஒரு சத்தமே கிடையாது. ஒரே மாசத்தில் செஞ்ச ரெண்டு பேஸ் ரெண்டு மாதிரி இருக்கும்.

பெரிய ஆட்கள் என்ன செஞ்சாங்க?

டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962 பிரிசிஷன். எலக்ட்ரானிக்ஸில் எந்த வித்தையும் இல்லை. மாத்தாம வெச்சிருந்த கனமான ஃப்ளாட்வவுண்ட் கம்பி, பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஒரு துண்டு ஃபோம், வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அவருடைய 'டோன்' இதுதான்.

ஜாகோ பாஸ்டோரியஸ் நேர் எதிர். அவர் சொன்ன கதைப்படி, மலிவா வாங்கின பழைய 1962 ஜாஸ் பேஸிலிருந்து ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி எறிந்தார். பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை நெக்கின் மேல் பூசினார். இன்னைக்குச் சந்தைக் கணக்கில் அது கொலைக்குற்றம். ஆனா அந்தக் கொலையில்தான் ஃப்ரெட் இல்லாத எலக்ட்ரிக் பேஸ் என்ற மொழியே உலகத்துக்குப் பரவியது. 1986-ல் திருட்டுப்போன அந்தப் பேஸ், அவர் இறந்து பல வருஷம் கழிச்சு, மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹியோ உதவியோடு குடும்பத்திடம் திரும்பி வந்தது. இப்போ 'ஒரிஜினல் ஃப்ரெட் எங்கே?'ன்னு யாராவது கேட்பாங்களா?

ரஷ் இசைக்குழுவின் கெட்டி லீ தன் 1972 ஜாஸ் பேஸை அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கி, பிரிட்ஜை மாத்திக்கொண்டார். மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் நியூயார்க்கின் ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் வைத்துக் கொடுத்தார். சிபிஎஸ் காலத்து, சந்தை அப்போ மதிக்காத பேஸ்கள் இவை. இன்னைக்கு அந்த ரெண்டு சத்தத்துக்கும் ஃபெண்டரே அவங்க பேரில் தனி மாடல் விற்றிருக்கு.

இவங்க யாரும் 'விண்டேஜ்' வாங்கலை. பழைய பேஸ் வாங்கினாங்க. இந்த வித்தியாசம்தான் என் முழுக் கட்டுரையும்.

அப்போ எதை வேணும்னாலும் பண்ணலாமா?

இல்லை. ஜாகோ உதாரணத்தைக் காட்டி எல்லாத்தையும் நியாயப்படுத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் பிடுங்கினப்போ அந்த மாதிரி பேஸ் செகண்ட் ஹாண்டில் சாதாரணமா கிடைச்சது. இப்போ எண்ணிக்கை ஏறப்போவதில்லை, குறையத்தான் போகுது. 1970-களில் டிமார்சியோ மாதிரி மாற்று பிக்கப்கள் சந்தைக்கு வந்தப்போ, பெரிய ஹம்பக்கருக்கு இடம் பண்ண எத்தனையோ 60-கள் பேஸின் உடம்பைக் குடைந்தார்கள். அந்த பிக்கப் ஃபேஷன் போயிடுச்சு. ஓட்டை இருக்கு.

அதனால் நான் வைக்கும் விதி, கருவிப்பெட்டியைப் பார்த்துச் சொல்றது:

ஸ்க்ரூ டிரைவர் வேலை: தாராளமா பண்ணுங்க. பிக்கப் உயரம், கம்பி வகை, பிரிட்ஜ் செட்டிங், பிக்கார்டுக்கு அடியில் காப்பர் டேப் ஷீல்டிங். பாதி 'டோன்' பிரச்சினை இங்கேயே தீர்ந்துடும். பிக்கப்பைக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்டக் கொண்டுபோனாலே வித்தியாசம் கேட்கும். ஆனா பழைய ஃபெண்டர் பிக்கப்பில் காந்தத்தைக் கட்டை விரலால் அமுக்கி உயரம் மாத்தாதீங்க. காயில் நேரா காந்தத்தின் மேலேயே சுற்றியிருக்கும். காந்தம் நகர்ந்தா உள் கம்பி அறுந்துடும்.

சால்டரிங் அயர்ன் வேலை: யோசிச்சுப் பண்ணுங்க. பிக்கப், பாட், கெபாசிட்டர் மாத்தலாம், கழற்றின ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, எப்போ எதைக் கழற்றினோம்னு எழுதி, கேஸிலேயே வைக்கணும். பாட்டும் பிக்கப்பும் சேர்ந்த முழு வயரிங்கையும் அப்படியே எடுத்துவைத்துவிட்டு, புதுசா ஒரு செட் கட்டி மாட்டுவது இன்னும் நல்லது.

ரூட்டர் மெஷின், அதாவது மரத்தைக் குடையும் வேலை: வேண்டாம். புது பிக்கப் வேணும்னா அதே அளவு ஓட்டையில் உட்காரும் ஹம்பக்கரே இப்போ கிடைக்குது. பிக்கப் இடம்தான் வேறே வேணும்னா, அந்த இடத்தில் பிக்கப் உள்ள பேஸை வாங்கிக்கோங்க. ஃபெண்டரே 1970-களின் தொடக்கத்தில் ஜாஸ் பேஸின் பின் பிக்கப்பை பிரிட்ஜ் பக்கம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகர்த்தியது. 60-கள் மாடலா 70-கள் மாடலா என்று தேர்ந்தெடுத்தாலே போதும். ஏற்கனவே குடையப்பட்ட பேஸ் கிடைச்சா, அது வேற கதை. அதான் உங்க சோதனைக்கூடம்.

செத்த பிக்கப்பை என்ன பண்றது?

இங்கேதான் பக்தி கோஷ்டியோட என் உண்மையான சண்டை. அறுபது வருஷக் காயிலில் வியர்வை, ஈரம், துரு சேர்ந்து கம்பி எங்கேயாவது அறுந்திருக்கும். மல்டிமீட்டர் வெச்சா ஓப்பன் காட்டும். அப்பவும் சிலர் 'ஒரிஜினல் போயிடும்'னு அப்படியே மூடி வைக்கிறாங்க. பேசாத பேஸ் எதுக்கு? அதைத் தெரிஞ்ச ஆளிடம் கொடுத்து அதே காந்தம், அதே பாபின், அதே கேஜ் கம்பியில் ரீவைண்ட் பண்ணச் சொல்லுங்க. மோட்டார் ரீவைண்டிங் பண்றவங்களை நாம யாரும் 'மோட்டாரோட ஒரிஜினாலிட்டியைக் கெடுத்துட்டார்'னு திட்டறது இல்லையே. விற்கும்போது மட்டும் 'ரீவைண்ட் பண்ணினது'ன்னு சொல்லணும். மறைக்கிறதுதான் தப்பு, ரிப்பேர் தப்பில்லை.

வாங்கப் போறீங்களா?

முதலில் நெக். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் மாத்தலாம். முறுக்கிப்போன நெக்கைச் சரிபண்ணும் செலவு பேஸ் விலையையே தொடும். உள்ளே இருக்கிற டிரஸ் ராடு இன்னும் திரும்புதா, இல்லை கடைசி வரை முறுக்கியாச்சா என்று பாருங்க. பழைய ஃபெண்டரில் அதன் நட்டு உடம்புப் பக்கம் இருக்கும், நெக்கைக் கழற்றித்தான் பார்க்க முடியும். கழற்ற விடமாட்டேன்னு விற்கிறவர் சொன்னா, நாமளும் கழன்றுக்கலாம்.

அடுத்து மல்டிமீட்டர். பிரிசிஷன் பிக்கப் பொதுவா 10 முதல் 12 கிலோ ஓம், ஜாஸ் பிக்கப் ஒவ்வொன்றும் 7, 8 கிலோ ஓம் பக்கம் காட்டும். ஓப்பன் காட்டினால் ரீவைண்ட் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்க.

வெளிநாட்டிலிருந்து 60-கள் பேஸ் வரவழைக்க நினைக்கிறவங்களுக்கு: அந்தக் கால ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு பலவும் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கடுமையான முதல் பட்டியலில் இருக்கு. அனுமதிப் பத்திரம் இல்லாம எல்லை தாண்டினா கஸ்டம்ஸில் மாட்டும். பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறின. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான் அது.

நம்ம பட்ஜெட்டில் யோசிச்சா, 1982-லிருந்து ஜப்பானில் செஞ்ச ஃபெண்டர், ஸ்குவையர் பேஸ்களுக்கும் இப்போ நாற்பது வயசு தாண்டியாச்சு. ப்ரீ-சிபிஎஸ் விலையில் ஒரு சின்னப் பங்குதான், வேலைப்பாடு பிரமாதம். அதுவும் எட்டாதுன்னா, மலிவான செகண்ட் ஹாண்ட் பிரிசிஷன் காப்பி ஒன்று வாங்கி, வயரிங் முழுசும் நீங்களே மாத்திப் பாருங்க. ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு கெபாசிட்டர்; நம்ம லேப் சர்க்யூட்டைவிட எளிசு. எல்சிஆர் மீட்டர் காலேஜிலேயே இருக்கு. காந்தமும் கம்பியும் என்ன செய்யுதுன்னு கையால் தெரிஞ்சுகிட்டவனை, எந்த விளம்பரமும் 'மேஜிக்'னு சொல்லி ஏமாத்த முடியாது.

பழைய கருவிக்கு நாம காட்ட வேண்டிய மரியாதை ரெண்டே ரெண்டு: அதை வாசிக்கிற நிலையில் வெச்சிருக்கிறது, நமக்கு அப்புறம் வர்றவங்க நாம பண்ணினதைப் பிரிச்சு எடுக்க முடியுற மாதிரி விட்டுட்டுப் போறது. மத்ததெல்லாம் விலைச்சீட்டு.